மாப்பிள்ளைக் காருக்கு ஆன்டெனா

தஞ்சாவூரில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்கு ஐயாவு அண்ணனைத் தெரியும். ஆனால் முதுகைத்தான் தெரியும். மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிற, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடுகிற அந்தச் சந்தன நிறச் சின்னக் கார் அவருடையது. பின்சீட்டில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முதுகு இருக்கும். கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், அதுதான் ஐயாவு.

நான் பாசித். கரந்தையில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். அவர் காருக்கு லைட், ஹாரன், கல்யாணத்தன்று சீரியல் பல்பு எல்லாம் என் கைதான். காரில் ஒரு கீறல் விழுந்தால் மனுஷன் அன்றைக்குச் சோறு சாப்பிட மாட்டார். அப்படிப்பட்டவர் ஒருநாள் இரண்டு ரேடியோப் பெட்டிகளையும் இரண்டு ஆன்டெனாக்களையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"பாய், இதை நம்ம வண்டில மாட்டணும்."

பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, ஹாம் ரேடியோ. இங்கே பேசினால் அங்கே கேட்கும், அங்கே பேசினால் இங்கே கேட்கும். நடுவில் டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஒரு பெட்டி ஊருக்குள் பேச, இன்னொன்று தூரத்துக்குப் பேச. ஐம்பதைத் தாண்டிய பிறகு இதற்காக உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கியிருந்தார். மகள் பிரகதீஸ்வரியையும் விடவில்லை, அவளையும் எழுத வைத்திருந்தார். அவளைத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அங்கே அவள் வீட்டில் டிராக்டர் பேட்டரியில் ஒரு பெட்டி, இரண்டு தென்னைமரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஒயர்.

"ரெண்டு பேர் கையிலயும் செல்லு இருக்கு. அப்புறம் எதுக்குண்ணே இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"செல்லு இருக்கறப்ப இருக்கும் பாய்" என்றார்.

"சரி, உங்க வீட்டுல வைக்க வேண்டியதுதானே?"

"வீட்டுல கரண்டு போயிடும். வண்டிக்குத்தான் சொந்த பேட்டரி இருக்கு. வேணும்னா நகந்தும் போவும்."

வேலையில் இறங்கின பிறகுதான் தெரிந்தது, இது பேயைக் கட்டி மேய்க்கிற வேலை என்று. மற்றக் கார்களில் ஆன்டெனாவைக் காந்தத்தால் கூரை மேல் ஒட்டிவிடலாம். இதற்குக் கூரையே துணி. அடியில் நல்ல இரும்பு இல்லாவிட்டால் ஆன்டெனா ஒழுங்காகப் பேசாது. சின்னக் கார், இரும்பும் கொஞ்சம். டிக்கி மூடியில் பொருத்தினால், கூரை மடங்கி வரும்போது சட்டம் வந்து ஆன்டெனாவை இடிக்கிறது. ஒயரைப் பக்கவாட்டில் இழுத்தால் கூரைக் கீல் கடித்துவிடுகிறது. பெட்டிகளை டேஷ்போர்டுக்கு அடியில் ஒருவழியாகத் திணித்தேன். இன்ஜினை முடுக்கினால் அந்த வேகத்துக்கு ரேடியோவும் சேர்ந்து ஊளையிட்டது. பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர் இழுத்து அதை அடக்கினேன்.

சின்ன ஆன்டெனாவை எப்படியோ முன்பக்கம் கவ்விப் பிடித்து நிறுத்திவிட்டேன். தூரத்துக்குப் பேசுகிற ஆன்டெனா ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. அதற்குப் பின்பக்க மட்கார்டில் ஓட்டை போட்டே ஆக வேண்டும். நான் முடியாது என்றுவிட்டேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"சோறு போடுற வண்டிண்ணே. இதுல ஓட்டையப் போட்டுக் கம்பத்த நட்டு வெச்சா எந்த மாப்பிள்ளை வந்து ஏறுவான்? பொழப்பக் கெடுத்துக்கறதுக்கு எங்கிட்டதான் வரணுமா?"

நான் வேகத்தில், மிச்ச ஒயரைச் சுருட்டிவைக்க டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினேன். அடியில் ஒரு துணிக்கடைப் பை. உள்ளே அரக்குச் சிவப்பில் மஞ்சள் கரை போட்ட புதுப் புடவை, மடிப்புக் கலையாமல். அவர் மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம். என் வாய் சும்மா இருக்குமா?

"யாருக்குண்ணே புடவை? இந்த வயசுல?"

அவர் முகம் செத்துப்போனது. என் கையிலிருந்து பையை மெதுவாக வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கஜா புயல் அடிச்சப்ப எம் பொண்ணு மாசமா இருந்தா பாய். போன் கெடையாது, ரோடு கெடையாது. அந்தப் பக்கத்துலேருந்து வந்த லாரிக்காரரு ஒருத்தரு சொன்னாரு, அந்தத் தெருவே போச்சு, புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு செவுத்துக்கு அடியில போயிடுச்சுன்னு. அவளுக்கு அம்மா இல்ல. பொறந்த வீட்டுக் கோடி நான்தானே கொண்டு போவணும்."

கட்டிக் கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை போக வேண்டும். அதைப் போர்த்தித்தான் தூக்குவார்கள். எங்களில் இறந்தவருக்குச் சுற்றக் கஃபன் துணி வாங்குவது போல. பெற்ற பிள்ளைக்கு அதை எந்த வாயால் எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கடையில் கேட்பது?

"விழுந்த மரத்தையெல்லாம் சுத்திக்கிட்டுப் போயிச் சேந்தேன். பள்ளிக்கூட வாசல்ல, பால் பவுடர் குடுக்கற வரிசைல, வயித்தத் தாங்கிக்கிட்டு நிக்கிறா. 'என்னப்பா கொண்டாந்தீங்க'ன்னு பைய வாங்க வர்றா. முதுகுக்குப் பின்னால மறச்சுக்கிட்டேன். 'பழைய துணிம்மா'ன்னேன்." கொஞ்ச நேரம் பையைத் தடவிக்கொண்டிருந்தார். "இதை யாருக்கும் குடுக்கவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வல்ல. காதுல விழுந்தத நம்பி, உசுரோட இருக்கற புள்ளைக்குக் கோடி எடுத்தவன் நான். இன்னொரு தடவ அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன். அவ குரலைக் கேட்டாத்தான் எனக்கு எதுவும் நிஜம்."

ட்ரில்லை எடுத்தேன். அவர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஓட்டையைச் சுற்றிப் பெயின்டைச் சுரண்டி, இரும்போடு இரும்பு சேரும்படி இறுக்கினேன். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, "அப்பா, கேக்குதா? ஓவர்" என்று அவள் குரல் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வந்தது. பேசி முடித்ததும் ஓவர் சொல்ல வேண்டும், அப்புறம்தான் அடுத்தவர் முறை. அதிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பேசுவது என்னவோ குழம்பு, சளி, நாற்றங்கால்தான்.

நான் பயந்தபடி மாப்பிள்ளைகளும் ஓடிவிடவில்லை. ராஜா காரில் கொடிக்கம்பம் இருப்பது போல இருக்கிறது என்று இரண்டு பேர் விரும்பியே கேட்டார்கள்.

போன கார்த்திகையில் மறுபடி ஒரு புயல். விடிகாலையில் அந்தப் பக்கம் கரையைக் கடந்தது. பொழுது விடிந்ததிலிருந்து பிரகதீஸ்வரியின் செல் அடிக்கவில்லை, ரேடியோவிலும் வெறும் இரைச்சல். தஞ்சாவூரில் மத்தியானத்தோடு மழை விட்டுவிட்டது. மேல வீதியில் மாப்பிள்ளை அழைப்பு. ஒத்துக்கொண்ட கல்யாணம், தட்ட முடியாது. ஐயாவு அண்ணன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. சீரியல் பல்புக்குக் காவலாக நான் காரோடு நடந்தேன்.

நடுவீதியில் ஆறு மணி ஆனது. ரேடியோவின் குமிழைத் திருகினார். இரைச்சலுக்குள் ஏதோ ஒரு குரல் மாதிரி. ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. இவர் மைக்கை அழுத்திக் கூப்பிட்டால், பேச்சு வெளியே போவதைக் காட்டும் முள் பெட்டியில் அசையவே இல்லை. பின்னால் ஓடிப் பார்த்தேன். அலங்காரம் செய்தவர்கள் ஆன்டெனாவை அலங்காரக் கம்பம் என்று நினைத்து, அடியிலிருந்து நுனி வரைக்கும் சாமந்திச் சரம், ஜரிகை ரிப்பன், நான் கொடுத்த சீரியல் பல்பு ஒயர் எல்லாவற்றையும் சுற்றியிருந்தார்கள். மத்தியானம் பக்கத்தில் நின்று "நல்லாருக்கு" என்று சொன்னவனும் நான்தான். இத்தனை ஒயருக்குள் அது எங்கிருந்து பேசும்?

"வண்டிய நிறுத்துங்கண்ணே. மாப்பிள்ளை, அந்தக் கம்பியத் தொடாதீங்க, பேசறப்ப தொட்டா சுட்டுரும்" என்று சொல்லிக்கொண்டே கத்தியால் அறுக்கத் தொடங்கினேன். பூவெல்லாம் மாப்பிள்ளை தலையில் கொட்டியது. பெண்ணின் அப்பா கல்யாணராமன் வேகமாக வந்தார்.

"என்ன பாய் இது? சுபகாரியத்துல பூவை அறுத்துண்டு!"

"அவர் பொண்ணு புயல்ல மாட்டிக்கிட்டிருக்குங்க. உசுரோட இருக்கான்னு தெரியல. இதுலதான் பேசணும்."

கல்யாணராமன் ஒரு நொடி நின்றார். மறுநாள் மகளைத் தாரை வார்க்கப் போகிறவர் அல்லவா? திரும்பி நாதஸ்வரக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். வாத்தியம் நின்றது. வீதியே அமைதியானது. நான் கடைசி ஒயரையும் உருவினேன்.

"அப்பா... அப்பா, கேக்குதா? ஓவர்."

"கேக்குதும்மா. சொல்லும்மா. ஓவர்."

"ஓடு பூராவும் போயிடுச்சு. ஆளுங்க நல்லாருக்கோம். புள்ளயும் நல்லாருக்கான். ஒயர் அறுந்துட்டுது, இப்பதான் வேற மரத்துல கட்டினோம். ஓவர்."

"காலைல வர்றேம்மா. என்னம்மா கொண்டாரணும்? ஓவர்."

ஐயாவு அண்ணன் குனிந்து பெட்டியில் காதை வைத்தார்.

"தார்ப்பாய் கொண்டாங்க. மெழுகுவத்தி கொண்டாங்க. இந்தத் தடவ புடவ எடுத்துட்டு வராதீங்கப்பா. ஓவர்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வரிசையில் நின்ற அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் குழம்பைப் பற்றியும் சளியைப் பற்றியும் பேசிக்கொண்டு, அப்பாவிடம் ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள்.

"அப்பாவுக்குச் செலவு வைக்காத பொண்ணு" என்று கல்யாணராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கூட்டமும் சிரித்தது. எங்கள் இரண்டு பேருக்குத்தான் விஷயம் தெரியும்.

"சரிம்மா" என்றார் ஐயாவு அண்ணன். ஓவர் சொல்ல மறந்துவிட்டார்.

நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது, கார் நகர்ந்தது. அந்தக் கல்யாண வீடியோவை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். தலையெல்லாம் சாமந்தியோடு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு வருகிறார். அவருக்கு முன்னால் அந்த வெள்ளைச் சட்டை முதுகு, மண்டப வாசல் வரைக்கும் குலுங்கிக்கொண்டே போகிறது.