தூளிக்கு மேலே சொட்டிய மழை

யுத்த காலத்தில், அடையாற்றில் சின்னப் பாய்மரப் படகொன்றில் குடியிருந்த ஒருவரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர், பேசும்போதும் பலகைகளைத் தடவிக்கொண்டே இருப்பார். மழை ஒழுகித் தூளியில் குழந்தை நனைந்ததால், மனைவி நொச்சிக்குப்பத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

“எங்க ஒழுவுதுன்னே தெர்ல. மேல தண்ணி ஊத்து நைனா, நான் உள்ள பாத்துக்கினு கீறேன்” என்றார்.

ஒவ்வோர் இடமாக ஊற்றினேன். பாய்மரத்தடியில் ஊற்றியதும், “வருது, வருது!” என்று கத்தினார். அங்கே புகுந்த நீர் குறுக்குக்கட்டை வழியே ஓடித் தூளிக்கு மேலே சொட்டியிருக்கிறது. பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தார்.

அடுத்த மழையன்று மனைவியையும் குழந்தையையும் அழைத்துவந்தார். அவள் உள்ளே போனாள். அவர் வெளியிலேயே நனைந்தார்.

“நீங்களும் போங்களேன்” என்றேன்.

“அவ கூப்பிடட்டும்.”

வெகுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது: “இன்னாய்யா நனைஞ்சிக்கினு கீறே? வா, கொழந்த தூங்கிடுச்சி.”

அப்போது அவர் சிரித்த சிரிப்பை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.