மானாப்புல் பிடுங்கிய கரை

“சப்பாத்து போட்டுக்கிட்டு ஆத்தைப் பாக்க வந்திருக்கு. இந்தப் புள்ள பேச்ச தண்ணி கேக்குமாடா?”

கங்காணி இதை என்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற தொழிலாளர்களிடம், எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தராக நான் பொறுப்பேற்ற முதல் வேலையின் முதல் நாள் அது. தேயிலை மலையிலிருந்து இறங்கி பதுளு ஓயாவில் போய்ச் சேரும் ஒரு சிற்றாறு. மண் நிறைந்து மேடாகிக் கிடந்ததால் பெருமழை பெய்தால் கீழே இருக்கும் பணிய லயத்து வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிடும். அந்த மண்ணை அள்ளிக் கரையைக் காப்பாற்றுவதுதான் வேலை. கங்காணி தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கூலியாட்களை மேய்க்கத் தெரிந்தவர் என்று எங்கள் அலுவலகம் அவரைத் தலைவராக வைத்திருந்தது.

நானும் லயத்தில் பிறந்தவள்தான். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. வெளியார் சிரித்திருந்தால் பொறுத்திருப்பேன். நம்மவர் சிரித்ததுதான் சுட்டது. சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி, இடுப்பளவு ஆழத்தில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  மறுநாள் கங்காணி, நான் யாருடைய மகள் என்று விசாரித்திருக்கிறார். அம்மா கொழுந்து பறித்து எடைபோடக் கொண்டுவந்த காலத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தானாம். அன்றிலிருந்து நான் ‘நம்ம வீட்டுப் புள்ள’ ஆகிவிட்டேன். யாராவது ஓய்வெடுக்க உட்கார்ந்தால், “எஞ்சினியர் அம்மா பாக்குது, பீடியப் போடுறா” என்று விரட்டுவார். நான் எஞ்சினியர் இல்லை மாமா என்றால், “இன்னும் ஆகலன்னு சொல்லு” என்பார்.

வளைவில் கரையோரம் மானாப்புல் அடர்ந்து நின்றது. பார்க்கப் பற்றைக்காடு. ஆனால் அதன் வேர்தான் அந்தக் கரையைப் பிடித்து வைத்திருந்தது. அதைத் தொடக்கூடாது என்பதற்கு அடையாளமாகக் குச்சி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டினேன். ஏன் என்று யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. படித்தவள் வைத்த அடையாளம் போதும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பொறியியலாளர் பார்வையிட வருவதாக இருந்தது. அன்று காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கிய எனக்கு ஒரு நிமிடம் இடமே அடையாளம் தெரியவில்லை. கரை முழுவதும் சாணி மெழுகிய வாசல்போல் வழித்துக் கிடந்தது. ஒரு புல் இல்லை. ஓரத்துக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பெரிய துரை வருகிற நாளில் தோட்டத்தைச் சுரண்டியால் வழித்துக் கல்லுக்கு வெள்ளை அடிப்பது அவர்கள் வாழ்நாள் பழக்கம். அப்படியே ஆற்றையும் சிங்காரித்துவிட்டார்கள். என் குச்சிகளை மட்டும் ஒன்றுகூடச் சாயாமல் பத்திரமாக விட்டிருந்தார்கள். வெறும் மண்ணில் சிவப்புத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன.

“ஞாயித்துக்கெழமைன்னும் பாக்காம எல்லாரும் வந்தானுங்க. நம்ம புள்ள செஞ்ச வேலை லட்சணமா இருக்க வேணாமா?” என்றார் கங்காணி. அவர் உள்ளங்கைகள் புல் அறுத்துச் சிவந்திருந்தன.

பிடுங்கிய புல் குவியலாகக் கிடந்தது. வேரில் ஈரம் காயவில்லை. அன்றே திரும்ப நட்டிருக்கலாம். பொறியியலாளரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரோ இறங்கியவுடனேயே, இவ்வளவு சுத்தமான வேலையை இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கங்காணியின் முகம் மலர்ந்தது. என் முகமும்தான். வளைவில் புல் இருந்ததா என்று பொறியியலாளர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான்காம் நாள் பின்னேர மழையில் அந்த வளைவு அப்படியே சரிந்து மதகை அடைத்தது. பணிய லயத்தின் ஆறு வீடுகளுக்குள் சேறு புகுந்தது. மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே விழுங்கிய பிறகு எங்கள் பக்கத்துச் சனங்கள் மழையை நம்புவதில்லை; தூறலிலேயே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்கள். அதனால் உயிர் தப்பியது. அரிசியும் புத்தகமும் படுக்கையும் போயின.

விசாரணையில் புல்லைப் பிடுங்கச் சொன்னது யார் என்று பொறியியலாளர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் கங்காணி எழுந்துவிட்டார்.

“நான்தாங்க சேர். புள்ள வேணாம்னுதான் சொல்லிட்டுப் போச்சு. நான்தான் கேக்கல.”

வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதை இல்லை என்று மறுக்கவும் இல்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விறாந்தையில் அவர் பின்னால் ஓடிப்போய், ஏன் மாமா இப்படி என்று கேட்டேன். “என்னைய நிப்பாட்டுனா இன்னொரு கங்காணி வருவான். ஒன்னைய நிப்பாட்டுனா நம்ம லயத்துலருந்து இன்னொருத்தி எப்ப வர்றது?” என்றார். கோபமில்லை. செய்த கணக்கு சரிதான் என்கிற நிம்மதிகூட அவர் குரலில் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் ஒரு வருடமாக நான் தாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த லயத்துப் பெண்கள் அவரோடு பேசுவதில்லை என்று அம்மா சொன்னார். ஆறு வீட்டுச் சேறும் அவர் கையால் வந்தது என்றே இன்னும் நம்புகிறார்கள். போன வாரம் இவ்வருட வேலைக்கான ஆள் பட்டியல் என் மேசைக்கு வந்தது. அவர் பெயர் இல்லை.

இன்று காலை பொறியியலாளரிடம் கடிதத்தை நீட்டினேன். புல் போனதை மழைக்கு முன்பே கண்டேன், பாராட்டுக்கு ஆசைப்பட்டு மறைத்தேன், விசாரணையிலும் வாய்மூடி இருந்தேன், கங்காணிக்கு அடையாளத்தின் பொருளை ஒருபோதும் சொல்லவில்லை, அவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். இரண்டு முறை படித்தார். கெட்ட மனிதரல்ல. கடிதத்தை மடித்து என் பக்கமே தள்ளினார். இது கோப்பில் ஏறினால் உங்கள் பதவி உயர்வு போய்விடும். எடுத்துக்கொண்டு போங்கள், நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம் என்றார்.

மாகாணத் தலைமைக் காரியாலயத்துக்கு ஒரு பிரதியை எட்டரை மணிக்கே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன் என்று சொன்னேன்.