இங்கிலீஷ் தெரியாத வியோரிகா

எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்த முதல் நாளே வியோரிகா ஒரு பொய் சொன்னாள். மேற்பார்வையாளர் ப்ரேபன் வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் வழக்கம்போல ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "இங்கிலீஷ் இல்ல. டேனிஷ், கொஞ்சம்" என்றாள்.

ருமேனியாவில் பதினோரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவள் அவள் என்பது எங்களுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பொய்க்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் அவள் வேலை பார்த்த ஹோட்டலில் டேனிஷில் ஒரு வார்த்தைக்குத் திணறினால் போதும், எதிரே நிற்பவர் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். உதவி செய்கிற நினைப்புதான். டேனிஷ்காரர்கள் நாங்கள் எல்லோருமே அப்படித்தான், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டோம். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் டேனிஷ் வகுப்பில் கற்றதை அவள் எங்கே போய்ப் பேசுவாள்? சைக்கிளிடமா?

அவளுக்கு மழலையர் பள்ளி உதவியாளர் ஆக வேண்டும். ஆகஸ்டில் பயிற்சி தொடங்குகிறது. அதற்கு ஜூன் மாத டேனிஷ் தேர்வில் தேறிய சான்று வேண்டும். வயது நாற்பத்து மூன்று. ஏற்கெனவே ஒரு முறை தேர்வில் தோற்றிருந்தாள். எழுத்தில் குறையில்லை, பேச்சுத் தேர்வில் வாய் ஒட்டிக்கொண்டது.

இஸ்திரி உருளையில் அவளுக்கு ஜோடி, போடில் என்பவள். அறுபத்தொரு வயது, கட்டையான கழுத்து, ஓயாத வாய். ஆஸ்பத்திரி விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்து, எதிரெதிரே நின்று, உதறி, உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது முகம் பார்த்தாக வேண்டும். போடில் உதறிக்கொண்டே பேசுவாள். மூட்டு வலி, நகராட்சி குப்பைத்தொட்டி, பக்கத்து வீட்டுக்காரன் வேலியில் செய்யும் அநியாயம் எல்லாம் வரும். ஒன்பது மணி இடைவேளையில் கருப்பு ரொட்டியை மென்றுகொண்டும் பேச்சு தொடரும். வியோரிகாவுக்குக் கிடைத்த உண்மையான வகுப்பு அதுதான்.

மே மாதம் இஸ்திரி உருளை சிக்கிக்கொண்டது. பெல்ஜியத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். ப்ரேபன் பல் டாக்டரிடம் போயிருந்தார். மெக்கானிக் மூடியைத் திறக்கக் கையை நீட்டினான். பின்பக்கம் நீராவிக் குழாய் திறந்தபடியே இருந்ததை வியோரிகா பார்த்துவிட்டாள்.

ஆங்கிலத்தில் கத்தினாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். அதோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். அவன் ஏதோ கேட்க, இவள் பதில் சொல்ல, பத்து நிமிடம் உருளையின் முழு வரலாற்றையும் செய்தி வாசிப்பவள் மாதிரி சரளமாகச் சொல்லி முடித்தாள். திரும்பினால் நாங்கள் ஏழு பேரும் நின்றுகொண்டிருக்கிறோம். போடில் கையில் ஈர விரிப்பு, தரையில் சொட்டுகிறது.

மறுநாளிலிருந்து ப்ரேபனுக்குக் கொண்டாட்டம். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லலாம். "முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவு சுலபமா இருந்திருக்கும்!" என்றார். மற்றவர்களும் தாவிவிட்டோம். நானும்தான்.

போடில் மட்டும் தாவவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டாள்.

விரிப்பின் இரண்டு முனையிலும் இரண்டு பேர், உதறும் சத்தம் மட்டும். இடைவேளையில் போடில் வேறு மேஜை. இப்படி இரண்டு வாரம். தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது.

அந்தப் புதன்கிழமை வியோரிகா தன் முனையைக் கீழே விட்டாள். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"ஏதாவது சொல்லு போடில். திட்டவாவது செய்."

"எதுக்கு? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, மகாராணி. போய் ப்ரேபன்கிட்ட இங்கிலீஷ்ல கொஞ்சு."

"அவர்கிட்ட பேசி நான் என்ன பண்ண? எனக்குப் பரீட்சை டேனிஷ்ல!"

"ஓகோ, நான் உனக்குப் பாடப் புத்தகம். ரெண்டு வருஷமா வாய் வலிக்க வலிக்க உனக்காக மெதுவா பேசினேன் பாரு, நான் மடச்சி!"

"நீ மெதுவாவா பேசினே? நீ என்னைக்கு மெதுவா பேசியிருக்கே?"

யாரோ சிரித்தார்கள். போடில் சிரிக்கவில்லை.

"என் மக இங்கிலாந்துல, லீட்ஸ்ல இருக்கா. பேரப்பிள்ளைங்க ரெண்டு. ஒரு வார்த்தை டேனிஷ் வராது. கிறிஸ்துமஸுக்குப் போனா மேஜையில நான் நாற்காலி மாதிரி உக்காந்திருப்பேன். இந்த ஊர்ல பால் கடைப் பையன்கூட இங்கிலீஷ் பேசறான். தெரியாதவ நான் ஒருத்திதான்னு இருந்தேன். அப்புறம் நீ வந்தே. சரி, ரெண்டு பேர் ஆச்சுன்னு நினைச்சேன். உனக்கென்ன தெரியும்!"

"எனக்குத் தெரியும்!" என்றாள் வியோரிகா. "நாலு வருஷமா எல்லா மேஜையிலயும் நான் நாற்காலிதான். பதினோரு வருஷம் வகுப்புல நின்னு பேசினவ, இங்க ஒரு வணக்கம் சொல்லிட்டு வாயை மூடிக்கிறேன். பொய் சொன்னேன், தப்புதான். வேற எப்படி நீ என்கிட்ட வேலியைப் பத்திப் பேசுவே?"

உருளை சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ப்ரேபன் தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, புத்திசாலித்தனமாக உள்ளேயே இருந்துகொண்டார்.

"முனையை எடு," என்றாள் போடில். விரிப்பை உதறிக்கொண்டே, "அந்த ஆள் வேலியை இப்ப இன்னும் அரை அடி நகர்த்திட்டான்," என்றாள்.

வார்த்தைகளை முன்கூட்டி மனசுக்குள் அடுக்காமல் தான் டேனிஷ் பேசியது அந்தச் சண்டையில்தான் முதல் தடவை என்று வியோரிகா பிறகு சொன்னாள்.

தேர்வு அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் அவளுடைய சாயங்கால வகுப்பு ஆசிரியை. பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், வெள்ளைத் தாடிக்காரர். தயாரித்துப் போன விஷயத்தை ஒப்பித்தாள், இரண்டு இடத்தில் தடுமாறினாள். அடுத்து உரையாடல். வேலையிடத்து வாழ்க்கை பற்றி. தாடிக்காரர் சீண்டுவதுபோல் கேட்டார்: "இடைவேளையை எடுத்துட்டு எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனா என்ன? காபியை வீட்டுல குடிக்கலாமே?"

"உனக்கென்ன தெரியும்!" என்று சொல்லிவிட்டாள் வியோரிகா.

ஆசிரியையின் பேனா நின்றது. வந்ததை விழுங்க முடியாது என்பதால் அவள் மேலே போனாள். இடைவேளை இல்லாவிட்டால் தனக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரிந்திருக்காது என்றாள். பக்கத்து வீட்டு வேலி வரைக்கும் போனாள். தாடிக்காரர் இரண்டு முறை குறுக்கிட்டார். இரண்டு முறையும் அவரை முடிக்க விடவில்லை.

வெளியே நடையில் நிற்க வைத்தார்கள். பிறகு கூப்பிட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைதோறும் எங்களில் ஒருவர் எல்லோருக்கும் காலை ரொட்டி கொண்டுவருவது வழக்கம், அன்று போடில் முறை. வியோரிகா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன?" என்றாள் போடில்.

"ஏழு."

இரண்டு வாங்கினாலே தேறியாயிற்று, பன்னிரண்டு உச்சம். போடில் ஒரு ரொட்டியில், எங்கள் ஊரில் பிறந்தநாளுக்கு வைக்கிற சின்னக் காகிதக் கொடியைக் குத்தி அவள் பக்கம் தள்ளினாள். "அதுல நாலு என்னோடது."

"உனக்கு நான் இங்கிலீஷ் சொல்லித் தரட்டுமா? லீட்ஸ் போறதுக்குள்ள?"

"வேண்டாம். அந்தப் பிள்ளைங்க டேனிஷ் கத்துக்கட்டும். வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளு."

ஆகஸ்டில் வியோரிகா பயிற்சிக்குப் போனாள். அவள் இடத்துக்கு உக்ரைனிலிருந்து ஒரு பெண் வந்தாள். ப்ரேபன் அவளை ஆங்கிலத்தில் வரவேற்க வாயைத் திறந்தார். போடில் நடுவில் வந்து நின்று, விரிப்பின் ஒரு முனையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது," என்றாள், டேனிஷில், ஒவ்வொரு வார்த்தையாக, தன்னால் முடிந்த மட்டும் மெதுவாக. "உனக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாது."