சின்னத்தாயின் இடது கண்

ஒரே படத்துக்கு இரண்டு எண்கள் வந்து நின்றன. தவறான கோப்பைத் திறந்துவிட்டோம் என்று நினைத்து சுபலட்சுமி மூடிவிட்டு மறுபடி திறந்தாள். கிராபிக்ஸ் கார்டு வழியாக ஓடவிட்டால் ஆயிரத்து அறுநூறு. கார்டை அணைத்துவிட்டு ஓடவிட்டால் இரண்டாயிரத்து நானூறு.

மதுரையில் ஒரு கண் வங்கியில் அவளுக்கு வேலை. இறந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன கண்களின் கருவிழியை மைக்ரோஸ்கோப்பில் படம் எடுத்து, உள்ளடுக்கில் செல்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவாள். சதுர மில்லிமீட்டருக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தால் அந்தக் கண் பார்வையில்லாத ஒருவருக்குப் போகும். குறைந்தால், படிக்கிற டாக்டர்கள் கத்தி பிடித்துப் பழகப் போகும்.

விளாங்குடிக்காரி. இயற்பியல் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தவள். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் கடைக்குக் கொடுப்பதற்கு முன் தானே திருப்புளியோடு உட்கார்ந்துவிடுவாள். இந்தக் கார்டையும் அவள்தான் கண் வங்கிப் பொறுப்பில் இருக்கும் டாக்டர் தீப்தியை நச்சரித்து வாங்கவைத்தாள். மாட்டியபோது சாஃப்ட்வேர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதற்கான டிரைவர் புரோகிராமை மாற்றி மாற்றிப் போட்டு, இன்ஜினியர் ராம்கியிடம் போனில் கேட்டுக் கேட்டு, ஒருவழியாக ஓடவைத்தாள். ஒரு டீ குடித்து வரும் நேரம் எடுத்த படம், கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. அன்று எல்லோருக்கும் பால்பன் வாங்கிக் கொடுத்தாள்.

இப்போது ராம்கியையே கூப்பிட்டாள்.

"கார்டுல மெமரி பத்தலனா எரர் காட்டுமேக்கா?"

"காட்டலையே ராம்கி. ஒண்ணும் சொல்லாம நம்பரைக் குடுத்துருச்சு."

"அப்ப கார்டு திருப்பிக் குடுக்குற படத்தைச் சேமிச்சுப் பாருங்க."

பார்த்தாள். மேலே தேன்கூடு மாதிரி செல்கள். கீழே மொத்தமும் கறுப்பு. பெரிய படமாக இருந்ததால் கார்டின் மெமரி பாதியிலேயே நிரம்பிவிட்டது. மிச்சப் பகுதியை அது தொடவே இல்லை. அந்த இருட்டையும் செல் இல்லாத இடமாகச் சேர்த்து சாஃப்ட்வேர் கணக்குப் போட்டிருக்கிறது. படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஓடவிட்டாள். எண் சரியாக வந்தது. இவ்வளவு லேசாகச் சரியானதுதான் அவளை உறுத்தியது.

கார்டு வந்த பிறகு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டாள். பெரும்பாலானவை சிறிய படங்கள், தப்பித்தன. சிலவற்றில் எண் மாறியது. அவற்றில் இரண்டு, சின்னத்தாயின் கண்கள்.

கண் எடுக்கப் போகும் வேனை ஓட்டும் காசிமாயனின் அக்கா அவர். போன வாரம் மாரடைப்பில் போனவர். சொந்தக்காரர்கள் கூச்சல் போட்டபோது காசிமாயன்தான் குறுக்கே நின்று சம்மதம் வாங்கினார். "அக்கா கண்ணு யாருக்காச்சும் ஆச்சா தங்கச்சி?" என்று கேட்டவரிடம், "செல்லு கம்மிண்ணே, வயசாயிருச்சுல்ல" என்று சொன்னவள் சுபலட்சுமி. வயசு என்பது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

வலது கண் பயிற்சிக்குப் போய்விட்டது. இடது கண்? குளிர்பெட்டியைத் திறந்தாள். இருந்தது. மருந்துத் திரவத்தில், கெடு தாண்டாமல், இருந்தது.

டாக்டர் தீப்தி விஷயத்தை முழுதாகக் கேட்டார். பிறகு மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, தானே செல்களை எண்ணினார். எண்ணி முடித்து நிமிர்ந்தார்.

"நல்ல கண்ணு சுபா. இதையா வேணாம்னு வச்சோம்?"

இடது கண் மறுநாளே ஆபரேஷனுக்குப் போனது. மற்ற குடும்பங்களுக்கு டாக்டர் ஒவ்வொருவராகப் போன் செய்தார். காசிமாயனிடம் மட்டும் தானே சொல்வதாகச் சுபலட்சுமி கேட்டுக்கொண்டாள்.

அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல, கையில் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் அவர் கால்மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"வலது கண்ணு?"

"அது போயிருச்சுண்ணே."

"மிசினு பொய் சொல்லுச்சாக்கும்?"

"மிசினு சொன்னதை நான் பாக்காம நம்பிட்டேன்."

அவர் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. "கண்ணைத் தோண்டிக் குப்பையில போட்டுட்டேன்னு அத்தான் இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேசல. நான் சொன்னா நம்பமாட்டாரு. நீயே வந்து சொல்லு."

இடது கண்ணைப் பொருத்திக்கொண்டவருக்குக் கட்டுப் பிரித்த பிறகு இருவரும் செல்லூருக்குப் போனார்கள். குறுகலான சந்தில் ஒரு வீட்டுக்குள், விசைத்தறி போடும் சத்தத்துக்கு நடுவே சின்னத்தாயின் கணவர் சோணைமுத்து நின்றிருந்தார். சுபலட்சுமி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். வலது கண்ணைச் சொன்னாள். இடது கண்ணைச் சொன்னாள். அது இப்போது வேறொருவரிடம் இருக்கிறது, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தெரிய ஆரம்பித்திருக்கிறது என்றாள்.

தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. காசிமாயன் தரையைப் பார்த்தபடி நின்றார்.

சோணைமுத்து கையை நீட்டித் தறியை நிறுத்தினார். சத்தம் அடங்கியது.

"கடைசியாச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுத்தா" என்றார். பிறகு திரும்பாமலே, "மாப்ள, நீயும் உக்காரு."