ஓநாய் ட்ராமில் ஆறாம் வரிசை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் வாப்பா டுபாயில் ஒரு சினிமா ஸ்டூடியோவில் வேலை செய்தார். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும், அதனால் இப்படித்தான் சொல்வேன். உண்மையில் அந்த ஸ்டூடியோவில் யாரும் படம் எடுப்பதில்லை. எடுத்து முடிந்த படங்களின் அரண்மனைகளையும் தெருக்களையும் திரும்பக் கட்டிவைத்து, ரசிகர்களை ட்ராமில் ஏற்றி ஒரு சுற்றுக் காட்டி அனுப்பும் பூங்கா அது. அங்கே வாப்பாவுக்கு என்ன வேலை என்பது எங்கள் ஊர் சாய்ந்தமருதில் என் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது. உம்மாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. யாராவது கேட்டால் "கொம்பனியில" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதையை மழைக்குத் திருப்பிவிடுவார். சினிமா என்ற சொல்லுக்கு எங்கள் ஒழுங்கை வீடுகளில் அவ்வளவு மரியாதை கிடையாது.

அந்தப் பூங்காவில் இருந்த தெருக்களில் ஒன்று என்னுடைய படத்தின் தெரு. என்னுடைய படம் என்றால், பனிநாட்டில் ஓநாயின் முதுகில் ஏறிக் கடிதம் கொண்டுபோகும் ஒரு பையனின் கதை. மூன்று பாகம். கல்முனை பஜாரில் ஒரு ஃபோன் கடைக்காரர் தமிழில் பேசும் பிரதியாக அதைப் பென் டிரைவில் ஏற்றித் தந்தார். ஓநாய் வாயைத் திறக்கும் முன்பே அது சொல்லப்போவதை நான் சொல்லிவிடுவேன். பனியைக் கண்ணால் கண்டதில்லை என்பது ஒரு குறையாகவே தெரியவில்லை. கடற்கரை மணலைப் பனி என்று வைத்துக்கொண்டு தம்பியின் முதுகில் ஏறப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு அப்போது மூன்று வயது. அதற்கு உம்மாவிடம் வாங்கியதும் நினைவிருக்கிறது.

வாப்பாவையும் நான் அதிகம் கண்டதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம், ஒரே ஒரு மாதம் வருவார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா அப்படி வந்தவர். வந்த கையோடு டுபாய்க்குப் போனவர். ஆகவே எங்கள் வீட்டில் அவர் இரட்டை விருந்தாளி. இஸ்திரி போட்ட மருதமுனைச் சாரத்தோடு ஹோலில் பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருப்பார். "படிப்பெல்லாம் எப்படி?" என்பார். "நல்லம்" என்பேன். "ஆ, நல்லம்" என்பார். பிறகு இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

வீடியோ கோலிலும் அதே கேள்விதான், படம் இடைக்கிடை உறைந்துபோகும் என்பதுதான் வித்தியாசம். ஒரேயொரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும். "நீ வந்து பாக்கணும் மகள், வாப்பாட வேலைய. உன்ட ஓநாய்ட ட்ராம்தான்" என்பார். சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வார். அவர்தான் அந்த ட்ராமை ஓட்டுகிறார் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

அந்த வருடம் டிசம்பர் விடுமுறைக்கு உம்மாவையும் என்னையும் தம்பியையும் விசிட் விசாவில் எடுப்பித்தார். ஊருக்குப் போயிருந்த ஒரு கூட்டாளியின் அறையில் நாங்கள் தங்கினோம். வேலை செய்பவர்களின் குடும்பத்துக்குப் பூங்காவில் இலவசப் பாஸ் உண்டு. நாங்கள் போகவேண்டிய நாள் காலையில் வாப்பா சட்டை மாட்டிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார்.

"ட்ராம்ல நாலாம் வரிசையில இருந்து ஆறாம் வரிசை வரைக்கும்தான் நான் பாக்கிற. நீ ஆறாம் வரிசைக்கு வா. வேற வரிசைக்கு அனுப்பினா, ஆறு வேணும் எண்டு கேளு. மறந்திராத."

இதை மூன்று தரம் சொன்னார். அன்றைக்கு அவருக்கு லீவு நாளாம். நாங்கள் போகும்போது தான் வேலையில் நிற்கவேண்டும் என்று இன்னொருவரோடு முறை மாற்றிக்கொண்டாராம். உம்மா இதைப் பெருமையாகச் சொன்னார். எனக்கோ கோபம் வந்தது. லீவு கிடைத்த மனிதர் எங்களோடு வந்து சுற்றாமல் போய் வேலை செய்வாரா?

அரபு நாட்டுச் சாப்பாட்டை நம்பாத உம்மா பாணும் மாசிச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார். ஓநாய் ட்ராமின் வாசலில் ஓநாய்ப் படம் வரைந்த ஒரு கம்பம் இருந்தது. அதன் மூக்குக்குத் தலை எட்டினால்தான் உள்ளே விடுவார்கள். தம்பிக்கு அதன் வயிறுதான் எட்டியது. அவன் நிலத்தில் விழுந்து புரண்டு அழ, உம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீ போ மகள், வாப்பா உள்ளுக்கதானே நிக்காரு" என்றார்.

கியூ ஒரு மேல்மாடத்தைச் சுற்றிச் சுற்றிப் போய், பிறகு ட்ராம் வந்து நிற்கும் மேடைக்கு இறங்கியது. மேலிருந்து பார்த்தால் மேடை முழுவதும் தெரிந்தது. நீலக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் தபால்காரத் தொப்பியுமாக, பனிநாட்டு அஞ்சலகத்தின் முன்னால் வாப்பா நின்றார். என் படத்துக்குள் என் வாப்பா.

அவர் ட்ராம் ஓட்டவில்லை. ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும் மடிக்கு மேலே ஒரு கம்பியை இறக்கிப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தவேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் பிள்ளைகள் இருந்தார்கள். கம்பியைப் பூட்டும்போது வாப்பாவின் விரல் அதில் நசுங்கிப்போகும். "ஐயோ!" என்று ஒரு கத்தல். கையை உதறினால் பெருவிரலைக் காணோம். பிள்ளை வாயைப் பிளக்கும். வாப்பா கோட்டுப் பைக்குள் தேடுவார், தொப்பிக்குள் தேடுவார், கடைசியில் அந்தப் பிள்ளையின் காதுக்குப் பின்னாலிருந்து விரலை எடுத்து மாட்டிக்கொள்வார். அரபுப் பிள்ளைக்கு அரபில் ஒரு சொல், இந்திக்காரப் பிள்ளைக்கு இந்தியில் ஒரு சொல். ட்ராம் முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். வாப்பாவின் முன்பற்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி இருப்பதை நான் அன்றுதான், அவ்வளவு தூரத்தில் நின்றுதான் கண்டேன்.

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணிடம் என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் "மை ஃபாதர்" என்று விரலை நீட்டிக் காட்டினேன். அவர் "வாவ்" என்றார். அது போதாமல் முன்னால் நின்றவரின் சட்டையை இழுத்து அவருக்கும் காட்டினேன்.

பிறகு இரண்டாவது ட்ராம் வந்தது. அதிலும் விரல் நசுங்கியது. மூன்றாவதிலும். அதே ஐயோ, அதே தொப்பி, அதே காது. கியூ ஊர ஊர என் வயிறு எரியத் தொடங்கியது. இதற்கு நல்ல பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை, பொறாமைதான். நான் பிறந்த நாள்முதல் வாப்பா என் முன்னால் சிரித்த சிரிப்பையெல்லாம் கூட்டி வைத்தாலும், இந்த ஒரு கியூ நேரத்துக்குள் ஊர்பேர் தெரியாத பிள்ளைகளுக்கு அவர் கொடுத்ததில் பாதி வராது.

ஓநாய்க் காது வைத்த தொப்பி போட்ட ஒரு சிறுமி வந்தாள். என் உயரம்தான் இருப்பாள். விரல் கிடைத்ததும் அவள் கைதட்டி, "அகெய்ன்!" என்றாள். வாப்பா மறுபடியும் செய்தார். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். இன்னொரு தரம் செய்யுங்கள் என்று வாப்பாவிடம் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. பத்து வருடமாக வாப்பாவின் சொந்தப் பிள்ளையாக இருந்த எனக்குத் தெரியாதது, இரண்டு நிமிடம் ட்ராமில் உட்கார்ந்த இவளுக்கு எப்படித் தெரிந்தது? அவள் தொப்பியை இழுத்துப் பிய்க்கவேண்டும் போலிருந்தது.

நானே என்னைத் தேற்றிக்கொண்டேன். எனக்கு வேறு ஏதாவது செய்வார். மகளைக் கண்டதும் இந்த விரல் வித்தையை ஒரு பக்கம் போட்டுவிட்டு, யாருக்கும் செய்யாத ஒன்றைச் செய்வார். என்ன என்று எனக்குத் தெரியாது. ட்ராமையே நிறுத்திவிட்டு "இது என்ட மகள்" என்று சத்தமாகச் சொல்வாராக்கும்.

கீழே இறங்கியதும் என்னை இரண்டாம் வரிசைக்குப் போகச் சொன்னார்கள். "ஆறு" என்று கேட்டு வாங்கினேன். வாப்பா தூரத்திலேயே என்னைக் கண்டுவிட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நாலாம் வரிசையை முடித்தார், ஐந்தாம் வரிசையை முடித்தார், என்னிடம் வந்தார். கம்பி இறங்கியது.

"ஐயோ!"

அதே கத்தல். விரலைக் காணோம். கோட்டுப் பைக்குள் தேடினார். தொப்பிக்குள் தேடினார். எல்லாருக்கும் கொடுத்த அதே விரலைத்தான் எனக்கும் கொடுக்கப்போகிறார் என்று தெரிந்ததும் என் முகம் கல்லாகிவிட்டது. அந்த நேரம் முன் வரிசைகளைப் பார்க்கும் மலையாளப் பையன் ஒருவன் ஓடிவந்தான். எங்களைப் பற்றி வாப்பா அவனிடம் நிறையச் சொல்லியிருக்கவேண்டும், அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"இக்கா, இதாணோ மோள்?" என்று வாப்பாவைக் கேட்டான்.

வாப்பா அந்தப் பதிலை எனக்கு விட்டுக்கொடுத்தவர்போல என்னைப் பார்த்தார். அவன் என் பக்கம் குனிந்து, "மோளே, இது உன்ட வாப்பயா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றேன்.

இத்தனை பிள்ளைகளுக்கு வாப்பாவாக நிற்பவர் எனக்கு எப்படி வாப்பா ஆவார், என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவ்வளவையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தது அந்த ஒரு சொல்தான்.

வாப்பாவின் கை என் காதுக்குக் கிட்ட வந்து பாதியில் நின்றது. பிறகு வெறுமனே திரும்பிப் போனது. மலையாளப் பையன் "ஓ" என்றான், என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தான், தன் வரிசைக்குப் போய்விட்டான். மற்றவர்களின் கம்பியை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பவர் என்னுடையதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். கையை உயர்த்தினார். ட்ராம் நகர்ந்தது. எனக்கு மட்டும் விரலைக் கண்டுபிடித்துக் காட்டவில்லை என்று அதற்கும் சேர்த்து ஆத்திரப்பட்டேன்.

நான் அத்தனை நாள் கனவு கண்ட பனிநாடு சோப்பு நுரையில் செய்யப்பட்டிருந்தது. ட்ராம் ஒரு வளைவில் திரும்பியபோது அரண்மனையின் முதுகைக் கண்டேன், பலகையும் முட்டுக்கட்டையுமாக இருந்தது. ஓநாய் வந்தது. ஆங்கிலத்தில் பேசியது, குரலும் வேறு. எங்கள் வீட்டு ஹோலில் என்னோடு தமிழில் கதைத்த ஓநாயும் இங்கே மற்றப் பிள்ளைகளின் பக்கம் போய்விட்டது. நான் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டார்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு வாப்பா தன் சொந்தச் சட்டையோடு எங்கள் பெஞ்சுக்கு வந்தார். பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டார். "எப்படி இருந்த மகள்?" என்று கேட்டார். "பரவால்ல" என்றேன்.

"மச்சான், கூட வேல செய்யிற ஆக்களுக்கெல்லாம் புள்ளயக் காட்டினீங்களா?" என்று உம்மா வாப்பாவைக் கேட்டார்.

"ஓம், காட்டினன்" என்றார் வாப்பா.

நான் பிடிபடவில்லை. வாப்பாவும் பொய் சொல்வார் என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே என் பங்குப் பாணைத் தின்றேன். போகும் வழியில் ஒரு கடையைக் காட்டி, ஓநாய்க் காதுத் தொப்பி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது அவளுடைய தொப்பி. அதற்குப் பிறகு நாங்கள் அங்கிருந்த நாட்களில் அவர் ட்ராமைப் பற்றி எதுவும் கதைக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் வகுப்பில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அரண்மனையைச் சொன்னேன், பனியைச் சொன்னேன், ஓநாய் தமிழில் பேசியதாகவே சொன்னேன். வாப்பாவைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் இவர்களுக்கும் அவரில் ஒரு பங்கு போய்விடும்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வாப்பா கோல் எடுத்தார். அவருக்குப் பின்னால் கூரைவரை அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"ட்ராம விட்டுட்டன். ஸ்டோருக்கு மாத்தித் தரச்சொல்லிக் கேட்டன், தந்துட்டாங்க" என்றார்.

"ஏன் மச்சான்? அந்த வேலயப் பத்தி அவ்வளவு ஆசயாக் கதைப்பீங்களே" என்றார் உம்மா.

"நிண்டு நிண்டு கால் நோகுது. இஞ்ச ஏசியும் இருக்கு."

பிறகு ஃபோனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. "மகள், பள்ளிக்கூடத்தில ஆராச்சும் கேட்டா, வாப்பா ஸ்டோர் கீப்பர் எண்டு சொல்லு, என்ன?" என்றார்.

யாரும் கேட்கவில்லையே, இதை ஏன் எனக்குச் சொல்கிறார் என்று ஒரு கணம் குழம்பினேன். பிறகுதான் அந்தப் பெட்டிகள் எனக்கு உறைத்தன. அங்கே பெட்டிகள் மட்டும்தான். ஒரு பிள்ளைகூட இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியவில்லை. வாய் நிறையச் சிரித்தேன்.

"மிச்சம் நல்லம் வாப்பா" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, தலையாட்டினார்.

"ஓம் மகள். எனக்குத் தெரியும்" என்றார்.

ஃபோனை உம்மாவின் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடினேன். தன் வேலையைப் பார்த்து மகள் வெட்கப்பட்டுவிட்டாள் என்று நம்பி, அந்த வெட்கத்தைத் தீர்ப்பதற்காகவே அவர் அந்த மேடையை விட்டு இறங்கினார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பொறாமைப்படுகிற பிள்ளையின் முகமும் வெட்கப்படுகிற பிள்ளையின் முகமும் ஒரு தகப்பனுக்கு ஒன்றுபோலத் தெரியும் என்பதும் தெரியாது. நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.