டூரிங் காரும் அடுத்த சீசனும்

இன்று காலை பலாபத்வலயில் பால் சேர்க்காத பிளேன்டீ குடிக்க ஒரு கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினேன்.

கடைக்கார அக்கா கேட்டார்: "தங்கச்சி என்ன வேலை செய்றீங்க?"

"டூரிங் கார் ஓட்டுறேன்க்கா."

டூரிங் கார் பந்தயத்தில் இரண்டு தடவை சாம்பியன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு தட்டு வடை வந்துவிட்டது. டூரிஸ்டுகளைக் கூட்டிவரும் டிரைவர்மாருக்கு அங்கே சாப்பாடு இலவசமாம்.

"உங்க டூரிஸ்டுங்க எங்க?"

"என் கார்ல டிரைவர் சீட் மட்டுந்தான்க்கா. மத்ததெல்லாம் கழட்டியாச்சு. சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வருவேன்."

"பாதை தெரியாதா?"

இதற்கு மேல் எப்படி விளக்குவது? இன்னொரு வடையை எடுத்துக் கடித்தேன்.

"இப்ப ஓட்டலையா?" என்றார்.

"போன வருஷம் பெரிய எக்சிடன்ட் ஒன்னு. கார் மூனு தடவ உருண்டுச்சு. அதுக்கப்புறம் ஏறவே இல்லக்கா."

யாரிடமும் இவ்வளவு சாதாரணமாக இதைச் சொன்னதில்லை.

அக்கா கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். "ஓட்டுறவங்களுக்குத்தானே எக்சிடன்ட் வரும். அடுத்த சீசனுக்கு வருவீங்கதானே?"

அவர் கேட்டது டிசம்பரில் வெள்ளைக்காரர்கள் வரும் சீசனை. ஆனால் எங்கள் அணி மெனேஜர் மூன்று வாரமாகக் கேட்பதும் இதே கேள்விதான். அவருடைய மெசேஜ்களைத் திறக்காமலே வைத்திருந்தேன்.

"வருவேன்க்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மெனேஜர், இதைப் படித்தால் பதில் அதுதான்.

ஆனால் புறப்படும்போது அக்கா ஒரு கண்டிஷன் போட்டார். அடுத்த தடவை காருக்குப் பின் சீட்டை மாட்டிக்கொண்டுதான் வரவேண்டுமாம். அதை மட்டும் யாராவது மெனேஜரிடம் சொல்லிவிடுங்கள்.