பறக்கத் தெரிந்த அப்பாவும் ஓர் அலுமாரியும்

என் மகள் என்னை முதன்முதலில் பார்த்தது கோபன்ஹேகன் விமான நிலையத்தில். அப்போது அவளுக்கு நான்கு வயது. என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, தாயின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "அம்மா, இந்த மாமா ஆர்?" என்று கேட்டாள்.

கேள்வியில் பிழையில்லை. அவள் எதிர்பார்த்து வந்த ஆள் நானில்லை. ஆனால் அந்த ஆளை உண்டாக்கியவன் நான்தான். சிக்கல் அங்கேதான் இருந்தது.

மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்துவிட்டேன். டென்மார்க்கில் இருக்க அனுமதி கிடைத்ததும் அவர்களை அழைக்க விண்ணப்பித்தேன். என்னைப் போன்றவர்களின் கோப்புகள் எல்லாம் கோபன்ஹேகனில் யாரோ ஒருவருடைய அலுவலகத்தில் அசையாமல் படுத்துக்கிடந்தன. படுத்துக்கிடக்கட்டும் என்று மேலிடமே சொல்லியிருந்தது என்பது பின்னால்தான் தெரிய வந்தது. அதற்குத் தமிழர் வழக்கு என்று பெயர் வந்து, அது ஒரு பிரதமரையே வீட்டுக்கு அனுப்பியது. ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்த கோப்புகளில் என்னுடையதும் ஒன்று என்று இன்று நான் கலியாண வீடுகளில் சொல்லிக்கொள்ளலாம். அந்த நாட்களில் அது வெறும் கடதாசிதான்.

காத்திருந்த காலத்தில் மகளுக்குக் கசற்றில் கதை பதிந்து, கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினேன். நான் பிராண்டே என்ற சிற்றூரில் காற்றாலை இறக்கைகளுக்கு அரத்தாள் தேய்க்கும் வேலை செய்தேன். தூசிக்கு முகமூடி, தூசிக்குக் கண்ணாடி, மாலையில் தூசி இருமல். கசற்றில் இதைச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? ஆகவே கசற்றில் அப்பா இரண்டு இறக்கைகளைத் தோளில் பூட்டிக்கொண்டு பறந்தார். ஊதினால் ஊரிலுள்ள பனியெல்லாம் பக்கத்து ஊருக்குப் போய் விழுந்தது. ஹெலிகொப்ரர் வந்தால் தும்பி பிடிப்பதுபோல வாலில் பிடித்துக் கடலில் போட்டார். அப்பாவுக்கு ஒருவருடைய உதவியும் தேவைப்படவில்லை. கற்பனை குறைந்தவன் வீரனை உண்டாக்கினால் முதலில் துணைப் பாத்திரங்களைத்தான் வெட்டுவான்.

"உங்கட கசற்றைப் போட்டாத்தான் வாய் திறந்து சாப்பிடுறாள். பற்றரி அனுப்புங்கோ" என்று மனைவி எழுதினாள். நானும் பற்றரியோடு இன்னும் பெரிய பொய்களை அனுப்பினேன்.

அவர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், எங்கள் தொடர்மாடியில் இரண்டாம் மாடியில் இருந்த மன்னார் அண்ணை, "வான் வண்டியைக் கொண்டு நானும் வாறன் தம்பி, குளிருக்குள்ள பிள்ளையை இழுக்காதை" என்றார். நான் வேண்டாம் என்றேன். டேனிஷ் மொழியில் நான் முதலில் சுத்தமாகப் படித்தது "நை தக்" என்ற இரண்டு சொற்களை. வேண்டாம், நன்றி. தமிழிலும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆகவே பெட்டிகளோடு ரயிலில் வந்தோம். அந்தக் காலத்தில் ரயிலே கப்பலுக்குள் ஏறிக் கடலைக் கடக்கும். ரயிலைக் கப்பல் விழுங்கியதைப் பார்த்தும் என் மகள் அசையவில்லை. தாயிடம், "அப்பா வந்து தூக்கிக்கொண்டு பறந்திருப்பார்தானே, ஏன் இந்த மாமாவோட போறம்?" என்றாள்.

வீட்டில் அவள் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்தாள். "மாமா, தண்ணி தாங்கோ." "மாமா, லைற்றைப் போடுங்கோ." மனைவி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"இவர்தானடி அப்பா. வடிவாப் பார்."

"இல்லை. அப்பா பிறகு வருவார்."

சொல்லிவிட்டு ஜன்னலடியில் போய் நின்று வானத்தைப் பார்ப்பாள். டென்மார்க்கின் மாரிகால வானத்தில் பார்க்க ஒன்றுமில்லை. அவள் பார்த்தாள்.

ஒருநாள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள்: "நீங்கள் கசற்றில கொஞ்சம் கூடத்தான் விட்டிட்டீங்கள். ஒருக்கா ஹெலி வந்து சுடேக்க பங்கருக்குள்ள இருந்தனாங்கள். அப்பா வாறார், வாலில பிடிப்பார் எண்டு கத்தினவள். வாயைப் பொத்தி வைச்சிருந்தன்."

"பிறகு?"

"பிறகென்ன பிறகு. நீங்கள் வரேல்லை."

அவள் வெங்காயத்தை எடுத்தாள். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

என்னைவிடப் புத்தியுள்ளவன் அன்றே மகளைப் பக்கத்தில் இருத்தி உண்மையைச் சொல்லியிருப்பான். நான் கசற்றை மெய்யாக்கிக் காட்டத் தீர்மானித்தேன். பறக்க வழியில்லை. எதையாவது தூக்கலாம்.

வீடு மாறிப்போன ஒரு டேனிஷ் குடும்பம், யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓர் அலுமாரியைக் கீழே முற்றத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தது. முழு மரம். எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ற் கிடையாது.

மன்னார் அண்ணை இரவு வேலை முடித்து வந்தவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "உது அலுமாரியில்லை தம்பி, ஆனை. சனிக்கிழமை நாலு பேராச் சேர்ந்து தூக்குவம்."

"வேண்டாம் அண்ணை. நான் பாத்துக்கொள்ளுறன்."

"விசரே உனக்கு? முதுகு போச்செண்டால் காற்றாலைத் தொழிற்சாலையில உனக்கு ஆர் வேலை தருவினம்?"

"நீங்கள் போய்ப் படுங்கோ."

அவர் கொட்டாவி விட்டுவிட்டு மேலே போனார்.

மனைவி டேனிஷ் வகுப்புக்குப் போயிருந்தாள். எனக்குப் பின்னேர வேலை. மகளை இரண்டாம் மாடிக்குப் போகும் படியில் பொம்மையோடு இருத்தி, "பார், மாமா என்ன செய்யிறன் எண்டு பார்" என்றேன். என் வாயிலிருந்தே மாமா வந்ததைக் கவனிக்க நேரமில்லை.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு டேனிஷ்காரர் கதவைத் திறந்தார். ஓய்வு பெற்றவர், உயரமானவர், சப்பாத்தில்லாமல் காலுறையோடு நின்றார். உதவட்டுமா என்று கேட்டார். நை தக் என்றேன். தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் ஆட்கள் என்றால் வேண்டாம் என்ற பிறகும் இரண்டு தரம் கேட்பார்கள். மூன்றாம் தரம் அரைமனதாகச் சம்மதிப்பதுதான் முறை. அந்த மனிதர் நான் சொன்னதை நம்பிவிட்டார்.

முதல் மாடிவரை நன்றாகத்தான் போனது. அலுமாரியைப் படியில் சாய்த்து, நான் கீழே நின்று தோளால் முட்டி, ஒவ்வொரு படியாக ஏற்றினேன். படி வளையும் இடத்தில் அலுமாரி ஒரு பக்கம் சுவரையும் மறுபக்கம் கைப்பிடியையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு முட்டு முட்டினேன். முதுகில் ஏதோ 'டக்' என்றது. அதோடு அலுமாரியின் கதவு தானாகத் திறந்து என் நெற்றியில் அடித்தது.

மேலே ஏற்ற ஏலாது. விலகினால் அலுமாரியும் நானும் சேர்ந்தே கீழே போவோம். தோளில் மரத்தைத் தாங்கிக்கொண்டு, பாதி குனிந்தபடி, மூச்சை எண்ணிக்கொண்டு நின்றேன்.

மேலேயிருந்து குரல் வந்தது. "மாமா, என்ன செய்யிறீங்கள்?"

"யோசிக்கிறன்."

"தூக்குங்கோவன்."

"ஏலாது."

"அப்ப பறந்து போங்கோவன்."

நான்கு வருடக் கசற்றுகள் எல்லாம் அந்த மரத்தோடு சேர்ந்து தோளில் ஏறின. "எனக்குப் பறக்கத் தெரியாது, பிள்ளை."

அவள் பொம்மையை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். அலுமாரிக்கும் கைப்பிடிக்கும் நடுவிலிருந்த இடைவெளியால் குந்தியிருந்து என் முகத்தைப் பார்த்தாள். விமான நிலையத்தில் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"அண்டைக்கு ஹெலி வரேக்க..." என்று தொடங்கி நிறுத்தினாள். "அண்டைக்கும் இப்பிடித்தான் மாட்டுப்பட்டுக் கிடந்தனீங்களோ?"

அகதிகளைப் பற்றியும் அரசுகளைப் பற்றியும் நான் தடித்தடிப் புத்தகங்கள் வாசித்திருக்கிறேன். கோபன்ஹேகனில் கிடந்த என் கோப்பைப் பற்றி இவ்வளவு சரியாக ஒருவரும் எழுதவில்லை.

"ஓம் குஞ்சு. இப்பிடித்தான்."

"ஒருத்தரையும் கூப்பிடேல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

"கூப்பிடத் தெரியேல்லை."

அவள் பெருமூச்சு விட்டாள். நான் சோற்றை அடிப்பிடிக்க விடும்போது அவள் தாய் விடுகிற அதே மூச்சு. "இப்ப நான் கூப்பிடட்டோ?"

மறுக்கிற பழக்கம் தொண்டைவரை வந்தது. முதுகு அதை விடவில்லை. "கூப்பிடு" என்றேன்.

அவள் படிகளில் ஏறி ஓடினாள். மன்னார் அண்ணையின் கதவை இரண்டு கையாலும் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தத் தொடர்மாடி முழுவதற்கும் கேட்கும்படியாக அவளுடைய குரல்:

"ஓடி வாங்கோ! எங்கட அப்பா அலுமாரிக்குக் கீழ மாட்டுப்பட்டிட்டார்! அவருக்குத் தூக்கத் தெரியாது! பறக்கவும் தெரியாது! ஓடி வாங்கோ!"

கீழ்வீட்டுக் கதவும் திறந்தது. டேனிஷ்காரருக்குத் தமிழ் விளங்கியிருக்க வழியில்லை. ஆனால் இந்தத் தடவை அவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் காலுறையோடு படியேறி வந்து எனக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். மேலிருந்து மன்னார் அண்ணை, மடித்துக் கட்டிய சாரத்தோடும் பாதி நித்திரையோடும் இறங்கி வந்து அலுமாரியின் மேல்முனையைப் பிடித்தார்.

"ஆரோ தானே பாத்துக்கொள்ளுவன் எண்டவர். அப்ப நான் போய்ப் படுக்கட்டோ?"

"போகாதேங்கோ அண்ணை. அங்கால கொஞ்சம் திருப்பிப் பிடிச்சால் நான் இஞ்சால..."

"அப்பா!" என்று மேல்படியிலிருந்து அதட்டல் வந்தது. "நீங்கள் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ. அவையள் தூக்குவினம்."

அவள் என்னை நேரே அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன்.